புனித நகரிற் குத்திய பச்சை

யெருசலேமின் பழைய நகருக்குள் மேற்குத் திசையிலிருந்து வருவோர் யாப்பா வாசல் வழியாகவே நுழைவர். ஆங்கில எழுத்தில் யாப்பாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. ஆதலால் எமது குழுவினர் அப்பெயரைப் பலகையிற் கண்டதும் சொந்த ஊரின் வாசலை மிதித்தவர்போல் மகிழ்ந்தனர். துருக்கிச் சுல்தான் சுலைமான் 16 ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் அது. வாசலின் அருகே மதில் சிறிது தூரம் அறுபட்டுக் கிடக்கிறது. 1898 ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் வந்தபோது, வண்டிகள் உட்செல்லும் பொருட்டு உண்டாக்கிய இடைவெளி அது. மோட்டார் வண்டிகள் இன்று அவ்வழியே செல்ல, நடந்து வருவோர் மாத்திரம் பழைய வளைவினுள் ஒருமுறை திரும்பி நகருக்குட் புகுகின்றனர்.

உள்ளே கற்பாவிய ஒழுங்கைகள். நூற்றாண்டுக் கணக்காக மிதிபட்டு வழுவழுப்பாகிவிட்ட சுண்ணக் கற்கள். மழை தூறினால் முதியோர் கைபிடித்தே நடக்கவேண்டும். ஒலிவ மரச் செபமாலை விற்போர், வெள்ளிக் குருசு விற்போர், எள்ளுத் தூவிய வளையப் பாணைத் தலையிற் சுமந்து செல்வோர், ஏலக்காய் மணக்கும் கோப்பிக் கடைக்காரர் என எல்லாரும் ஒருவரோடொருவர் முட்டிமோதி நிற்கும் அந்த ஒழுங்கைகளின் வழியே, திருக்கல்லறைத் தேவாலயத்துக்குச் சென்று மீளும் யாத்திரிகருள் யாரேனும் ஒருவர் தம் கையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வருவதைக் காணலாம். அடிபட்டவர் என்று எண்ணிவிடலாகாது. பச்சை குத்திக்கொண்டு வருபவர் அவர்.

நாம் அங்கே சென்றது 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். 2023 ஒக்டோபரில் மூண்ட போரின் பின்னர் அந்நாட்டுக்கு யாத்திரிகர் வரவு மிகவும் குன்றியது. இனிச் செல்ல விரும்புவோர் காலமறிந்தே புறப்படுதல் வேண்டும்.

யெருசலேமுக்குச் சென்றதன் அடையாளமாகக் கையிற் குருசு பொறித்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. எகிப்து நாட்டுக் கொப்த்தியக் கிறிஸ்தவர் வலக்கை மணிக்கட்டின் உட்புறத்திலோ, பெருவிரலின் அடியிலோ சிறு குருசொன்றைக் குத்திக்கொள்வர். எதியோப்பியரிடமும் ஆர்மீனியரிடமும் இவ்வழக்கம் உண்டு. அரச குடும்பத்தவரும் இதற்கு விலக்கல்லர்: பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகிய இளவரசர் 1862 இலும், அவர் மகனாகிய ஐந்தாம் ஜோர்ஜ் தம் இளமையில் 1882 இலும் இந்நகரிற் பச்சை குத்திக்கொண்டனர். எகிப்திலிருந்து வந்து குடியேறிய ரஸ்ஸூக் என்னும் கொப்த்தியக் குடும்பத்தார் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். எழுநூறு ஆண்டுத் தொழில் என்பது அக்குடும்பத்தில் வழங்கும் கூற்று. அவர்களிடமுள்ள, உருவங்கள் செதுக்கிய மரக்கட்டை அச்சுகளை ஜோன் கார்ஸ்வெல் என்பவர் ஆராய்ந்து 1956 இல் நூலாக வெளியிட்டார். அச்சைக் கரியில் ஒற்றித் தோலிற் பதித்து, அக்கோட்டின்மீது ஊசியைச் செலுத்துவதே பழைய முறை.

பழைய யாத்திரிகர் இருவர் எழுதிவைத்த குறிப்புகள் எமது கருத்தை மிகவும் கவர்ந்தன. ஒருவர் பிரான்சு நாட்டவரான தெவெனோ. 1658 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆந் தேதி முழுவதையும் பெத்லகேமிற் பச்சை குத்துவதிலேயே கழித்தவர். மாட்டுப் பித்து கலந்த மையில் இரட்டை ஊசியைத் தோய்த்துக் குத்தினார்கள் என்றும், அதனால் நோவும் இலேசான காய்ச்சலும் உண்டாகும் என்றும், கை இரண்டு மூன்று நாட்களுக்கு மும்மடங்கு வீங்கியிருக்கும் என்றும், இறுகக் கட்டிவைத்த இடத்திற் பொருக்குத் தோன்றி மூன்று நான்கு நாளில் உதிரும் என்றும் அவர் சொல்கிறார். மற்றவர் ஆங்கிலேயக் குருவானவரான மோண்ட்ரல். 1697 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல்நாள் யெருசலேமில் யாத்திரிகர் பச்சை குத்திக்கொள்வதைப் பார்த்தவர். வெடிமருந்தும் மாட்டுப் பித்தும் சேர்த்த மையால் மிக விரைவாகக் குத்தி, முடிவில் அவ்விடத்தைத் திராட்சை மதுவாற் கழுவிவிடுவார்கள். நோவு மிகச் சொற்பம், இரத்தங்கூட அரிதாகவே வரும் என்பது அவர் கூற்று.

ஏறத்தாழ ஒரே ஊசி, ஒரே மை. ஒருவர் எழுத்திலோ காய்ச்சலும் வீக்கமும். மற்றவர் எழுத்திலோ நோவே இல்லை. இருவருள் எவரும் பொய் சொன்னாரென்று நாம் நினைக்கவில்லை. தோலுக்குத் தோல் வேறு. பக்தி மிகுந்தவர் என்பதற்காக ஒருவருடைய தோல் சாந்தமாக இருந்துவிடப்போவதில்லை. இவ்வுண்மையை எமக்கு நன்கு விளக்கியவர் எம்முடன் யாத்திரை வந்த பெரியம்மாவே.

பெரியம்மா இளைப்பாறிய ஆசிரியை. அப்போது வயது 61. சிறுவயது தொட்டே அவருக்குக் கரப்பன் தொல்லை. வாசனைச் சவர்க்காரம் பட்டாற் கை சிவந்துவிடும். சலவைத்தூளைத் தொட்டால் விரலிடுக்கு வெடிக்கும். நிக்கல் பூசிய காப்பொன்றை ஒரு கலியாண வீட்டுக்கு அணிந்து சென்று, மறுநாட் காலையிற் கையைச் சுற்றிச் சிவந்த வளையத்துடன் எழுந்தவர். அத்தகையவர் புறங்கையிற் பச்சை குத்தப்போவதாகச் சொன்னபோது வீட்டார் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

காரணம் எளியது. பெரியப்பா குவைத்தில் வேலைசெய்த நாட்களில், அவருடன் பணியாற்றிய எகிப்தியர் ஒருவரின் வலக்கையிற் பெருவிரலின் அடியிலே சிறிய கரிய குருசொன்றைக் கண்டிருக்கிறார். ஓய்வு பெற்றதும் இருவருமாக யெருசலேமுக்குச் சென்று அதைப்போல் ஒன்று குத்திக்கொள்வோம் என்று அவர் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். யாத்திரைக்குக் கட்டுவதற்கென இருவரும் பணம் சேர்த்தனர். 2017 இல் பெரியப்பா காலமானார். பெரியம்மா இருவருக்குமாகச் சேர்த்த பணத்தில் தாம் மட்டும் பெயர் பதிந்துகொண்டார். இதனை அறிந்தபின் எவருக்கும் வேண்டாமென்று சொல்ல நாவெழவில்லை. லேவியராகமத்தில் உடலிற் குறியிடுவதற்குத் தடையிருக்கிறதே என்று குழுவில் ஒருவர் நினைவூட்டியபோதும், பெரியம்மா, “அதுக்கு நான் சுவாமியாரிட்டைக் கேட்டிட்டன், தம்பி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சுவாமியாரைக் கேட்டதுபோலவே வைத்தியரையும் கேட்டுக்கொண்டுதான் அவர் புறப்பட்டார். தோல் நோய் வைத்தியர் கூறிய புத்திமதிகளை இங்கே தருவது வாசகர் பலருக்கு உதவக்கூடும். கரப்பன் கிளம்பியிருக்கும் காலத்தில் எக்காரணங்கொண்டும் குத்துதல் கூடாது. கையிலே தோல் அமைதியாயிருக்கும்போதே குத்தலாம். கரிய மை மட்டுமே போதும். ஒவ்வாமை மிகுதியாக உண்டாவது சிவப்பு மையினால். நிற மைகளிற் சேரும் இரசாயனப் பொருட்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி முதலாகக் கட்டுப்பாடு விதித்திருப்பதை நோக்கினால், வைத்தியரின் எச்சரிக்கை வெறும் அச்சமன்று என்பது விளங்கும். அடுத்து, புண்ணிற் பூசப்போகும் களிம்பையும் கழுவப்போகும் சவர்க்காரத்தையும் ஊரிலேயே வாங்கி, முழங்கையின் உட்புறத்திற் சில நாட்கள் தொடர்ந்து பூசிப் பார்த்து, அரிப்பு ஏற்படாததையே உடன் கொண்டுசெல்லவேண்டும். வாசனை சேர்ந்த எதுவும் ஆகாது. கம்பளி ஆட்டின் கொழுப்பாகிய லனோலின் சேர்ந்த களிம்பும், நியோமைசின் சேர்ந்த களிம்பும் இத்தகைய தோலுடையோர் சிலருக்குத் தீங்கு செய்யும். வெறும் வெள்ளை வாசலீன் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. நீரிழிவுள்ளோரும், இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்போரும், காயம்பட்ட இடத்திற் தழும்பு தடித்து வளரும் இயல்புடையோரும் தத்தம் வைத்தியரைக் கேளாமல் ஊசிக்குக் கை நீட்டலாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக வைத்தியர் பயண அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார் என்பதே எம்மை வியக்கச்செய்தது. யெருசலேமில் மூன்று நாள், பின்னர் கலிலேயா, யோர்தான் நதி, சாக்கடல், இறுதியில் மீண்டும் யெருசலேமில் ஒரு முற்பகல் என அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் மூன்று நாளிலே குத்திக்கொண்டால் ஆற்றிலும் கடலிலும் கைபடாமல் நிற்கவேண்டும். ஆற்றிலே முழுகத்தான் வேண்டுமென்றால் குத்துவதை இறுதி முற்பகலுக்குத் தள்ளிவையுங்கள் என்றார் அவர். புதிதாகக் குத்திய பச்சை ஆயிரக்கணக்கான சிறு துளைகளையுடைய புண். அது மூடும்வரை, ஓடுகிற நீரிற் கழுவலாமேயன்றி நிற்கிற நீரில் ஊறவைக்கலாகாது.

எனினும் நகருக்குள் நுழைந்த முதல் நாளே பெரியம்மாவின் மனம் அசைந்தது. திருக்கல்லறைத் தேவாலயத்திலிருந்து வெளிவந்தபோது, எகிப்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் கையிலே, பெரியப்பா எழுதிய அதே இடத்தில், அதே குருசு, மங்கி நீலமாகிப்போயிருந்தது. பெரியம்மா அந்தக் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. “தம்பி, பெரியப்பா எழுதின குருசு இதுதான். இண்டைக்கே போவம்” என்றார். பயணத்திலே இடையூறு எதுவும் நேரலாம், இறுதி நாள் கடை பூட்டியிருக்கலாம் என்பது அவருடைய பயம். அப்பயம் நியாயமற்றதென்று எம்மாலும் சொல்லமுடியவில்லை.

அன்றிரவு விடுதியின் மேற்றளத்தில் நாம் மோண்ட்ரலின் குறிப்பை அவருக்குக் கூறினோம். பழைய யாத்திரிகர் புனித வாரச் சடங்குகளெல்லாம் முடிவுறும் வேளையிலேதான் ஊசிக்குக் கை நீட்டினர். வந்தவுடன் குத்திக்கொண்டவர்களாக அவர் காட்டவில்லை. பெரியம்மா ஆசிரியையாயிருந்தவர், சரித்திர ஆதாரத்துக்கு மதிப்புக் கொடுப்பவர். சிறிது யோசித்து, “அப்ப பொறுப்பம். ஆத்திலை இறங்காமலும் போக ஏலாது, குருசில்லாமலும் போக ஏலாது” என்றார்.

யோர்தான் நதியைப் பற்றி மிகுதியாக எழுதவேண்டியதில்லை. யெரிக்கோவுக்குக் கிழக்கே, யேசுநாதர் திருமுழுக்குப் பெற்றதாகக் கருதப்படும் துறையில், ஆறு எமது வழுக்கியாற்றைவிட அதிகம் பெரிதன்று. எதிர்க்கரையில் நிற்பவர்கள் யோர்தான் நாட்டினர்; குரல் கொடுத்தாற் கேட்கும் தூரம். நீர் மண்ணிறமாகக் கலங்கியிருந்தது. வெள்ளை அங்கி தரித்த பெரியம்மா மரப்படியில் இறங்கி மும்முறை முழுகி எழுந்தார். அந்த நீரிற் புதுப்புண்ணை முக்கியிருந்தால் என்னவாகுமென்று எண்ணியபோது எமக்கு உடல் கூசியது.

சாக்கடலோ வேறுவகை. கடல் மட்டத்துக்கு 430 மீற்றர் வரையிற் கீழே கிடக்கும் அந்த நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பங்கு உப்பு. காலையிற் சவரஞ்செய்துவிட்டு வந்த அன்பர் ஒருவர், முகத்தில் இரு துளி தெறித்ததும் குழாயடிக்கு ஓடிய ஓட்டத்தைக் கண்டு அனைவரும் சிரித்தோம். மயிரிழையளவு கீறலுக்கே அந்தப் பாடு. உப்பு நீர் புண்ணை ஆற்றும் என்று எண்ணுவோர் எம்மவரிற் பலர். வெப்பமான கடல் நீரில் வாழும் ஒருவகைக் கிருமி புதிய பச்சையின் வழியே உடலுட் புகுந்து உயிரைக் குடித்த செய்தி 2017 இல் ஆங்கில மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. ஈரல் நோயுற்றிருந்த 31 வயது இளைஞர் ஒருவர், காலிலே பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்தியிருக்கிறார். அவர் குத்தியிருந்த உருவம் குருசும் கூப்பிய கரங்களுமே.

ஒக்டோபர் 20 ஆந் தேதி முற்பகல், பெரியம்மாவும் நாமும் யாப்பா வாசல் வழியாக மீண்டும் உள்ளே சென்றோம். எந்தக் கடையின் படியை மிதித்தோம் என்பதை எழுதப்போவதில்லை. இஃது எவருக்குமான விளம்பரமன்று. கடை திறந்திருந்தது. ஊசிகள் முத்திரையிட்ட உறையிலிருந்து எம் கண்முன்னே பிரிக்கப்பட்டன. மை சிறிய மூடியொன்றில் வார்க்கப்பட்டு, மிஞ்சியது வீசப்பட்டது. குத்துபவர் புதிய கையுறை அணிந்திருந்தார். இம்மூன்றையும் கண்ணாற் காணாத இடத்தில் எவரும் உட்காரலாகாது.

எந்தக் கை என்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. வலக்கை நாம் சோறு பிசையும் கை. மிளகாயும் புளியும் நாள்தோறும் மும்முறை படும் கை. இடக்கையோ கால் கழுவும் கை. புதுப்புண்ணுக்கு இரண்டுமே நல்லவையல்ல. கரண்டியால் உண்ணும் நாட்டவர்க்கு இவ்விடர் தோன்றியே இராது. பெரியம்மா வலக்கையையே நீட்டினார். “மூண்டு கிழமை கரண்டியாலை சாப்பிட்டால் நான் என்ன வெள்ளைக்காரியாகிப் போவனோ?” என்றார். குத்துபவர் புறங்கையைத் தடவிப் பார்த்து, விரலுக்கு அண்மையில் தோல் ஓயாது மடிந்து உரசுவதால் அங்கே மை தங்காது என்று கூறி, குருசைச் சற்று மணிக்கட்டுப் பக்கமாக நகர்த்தினார். அச்சைப் பதித்து, ஊசியைத் தொட்டு, இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பெரியம்மா கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். நோவு பற்றி எதுவும் சொல்லவில்லை. குருசின் நீளம் விரல் நகத்தைவிடச் சிறிதே பெரிது.

மெல்லிய ஒளிபுகு தாளொன்றால் மூடி அனுப்பினார்கள். மூன்று மணி நேரங்கழித்து விடுதியில் அதை நீக்கி, முதலிற் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, இளஞ்சூட்டு நீரை ஓடவிட்டு, கொண்டுசென்ற சவர்க்கார நுரையை விரல் நுனியால் மட்டும் தடவிக் கழுவினோம். துவாயாற் துடைக்காமல், புதிய மென்கடதாசியால் ஒற்றி எடுத்து, காற்றிற் சிறிது உலரவிட்டு, வாசலீனை அரிசியளவு எடுத்து மினுங்குமளவுக்குப் பூசினோம். தடிப்பாக அப்புவது நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். அப்பினாற் புண் ஊறி வெளுத்து, பொருக்கு மையோடு சேர்ந்து கழன்றுவிடும்.

இரவு விமானத்துக்குச் செல்லும்போது, பெட்டி படுக்கையில் உரசாதிருக்கட்டும் என்று குழுவில் வந்த அம்மையார் ஒருவர் அன்போடு தம்மிடமிருந்த ஒட்டுப் பிளாஸ்ரரை எடுத்துக் குருசின்மேல் ஒட்டிவிட்டார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 22 ஆந் தேதி விடியற்காலை. வரும்போதே பெரியம்மா கையைச் சொறிய முடியாமற் தவித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்ரரை நீக்கியதும் புறங்கை முழுவதும் சிவந்து, சிறு நீர்க்கொப்புளங்கள் முத்துமுத்தாக எழும்பியிருக்கக் கண்டோம். வீட்டிலே அழுகை. மை ஒத்துக்கொள்ளவில்லை, குருசைத் தோலோடு வெட்டி எடுக்கவேண்டி வரும் என்று ஒரு மைத்துனர் துணிந்து சொல்லிவிட்டார். பெரியம்மா ஒருவரோடும் பேசாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார்.

வைத்தியர் கையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சிவப்பு எந்த வடிவில் இருக்கிறது, பாருங்கள்” என்றார். பார்த்தோம். ஓரங்கள் கோடு கீறினாற்போல் நேராக, நாற்சதுரமாக இருந்தன. பிளாஸ்ரரில் ஒட்டும் பசை பட்ட இடமெல்லாம் கொப்புளம். நடுவே பஞ்சுத் துண்டு மூடியிருந்த குருசின் கோடுகளிலோ, அவற்றின் அருகிலோ ஒன்றுமில்லை. மை குற்றவாளியன்று, பசையே குற்றவாளி. மை ஒத்துக்கொள்ளாவிட்டாற் கோட்டின் வழியேதான் தோல் தடித்தெழும்பும்; களிம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் அது பூசிய இடமெல்லாம் அரிக்கும்; கிருமி புகுந்தாலோ சிவப்பு நாளுக்குநாள் ஓரங் கடந்து பரவும், தொட்டாற் சுடும், சீழ் வரும், காய்ச்சல் காணும். கடைசியாகச் சொன்னது தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சொறியும் வடிவத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டறியலாம் என்பதை நாம் அன்றுதான் கற்றுக்கொண்டோம். நாற்சதுரத்துக்கு மட்டும் பூச ஒரு களிம்பு தந்து, குருசின்மேல் அதைப் பூசாதபடி எச்சரித்து அனுப்பினார். அதன்பின் மூடவேண்டிய வேளையில், பசையில்லாத வலைத்துணியைத் தளர்வாகச் சுற்றி முடிச்சிட்டோம்.

அடுத்த கிழமைகள் எளிதாகக் கழியவில்லை. யாழ்ப்பாணத்து வீடொன்றிற் பெண்ணின் வலக்கை நீரிலும் அடுப்பிலும் படாமல் இருப்பது எவ்வளவு அருமை! பாத்திரம் கழுவுவதும் மீன் வெட்டுவதும் மகளுக்குப் போயின. கிணற்றடியிற் குளிக்கும்போது, கையை உயர்த்திப் பிடித்தபடி மற்றக் கையால் வார்த்துக்கொண்டார். அயல்வீட்டு ஆச்சி மஞ்சளை அரைத்துத் தேங்காயெண்ணெயிற் குழைத்துக் கொண்டுவந்தார். அவரை நாம் இகழவில்லை. சென்னை அரும்பொருட்சாலைத் தலைவராயிருந்த தேர்ஸ்டன் 1906 இல் வெளியிட்ட நூலில், அகத்தியிலையும் மஞ்சளும் சேர்த்து எரித்த கரியைத் தாய்ப்பாலிற் குழைத்துத் தமிழ்நாட்டுக் குறத்தியர் பச்சை குத்துவதையும், முடிவிற் தண்ணீரால் அலம்பி மஞ்சள் பூசுவதையும் எழுதியுள்ளார். பச்சை என்று பெயர் வந்ததும், அந்தக் கரிய மை எமது மாநிறத் தோலின் கீழே பச்சையாகத் தெரிவதனாலேதான். ஆயினும் அம்மியில் அரைத்த மஞ்சள் கிருமி நீங்கிய பொருளன்று. மஞ்சளே சிலர் தோலுக்கு ஒவ்வாது. பெரியம்மா ஆச்சியின் கிண்ணத்தை வாங்கி, நன்றி கூறி, அன்று மாலை மீன் குழம்பிற் சேர்த்துவிட்டார்.

ஆறாம் நாள் தொடக்கம் கோடுகளின்மேற் பொருக்கு எழும்பி மீன் செதிள்போல் உதிரலாயிற்று. தெவெனோ எழுதியது பொய்யன்று. அரிப்பு மிகுந்தபோது சொறியாமல், குளிர்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைச் சிறிது நேரம் மேலே வைப்பார். இறங்கிய பொருக்கோடு மை முழுவதும் போய்விட்டதோ என்று ஒருநாட் கலங்கினார். மேற்றோல் உதிர்ந்தாலும் அதன் கீழுள்ள தோலிலே மை இருக்கும். இரத்தமும் மாட்டுப் பித்தும் கலப்பதால் அது நிலைத்துவிடுகிறதென்று தெவெனோ கருதினார். தோலுக்குள்ளேயுள்ள காவற் கலங்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன என்றும், ஒரு கலம் மடிந்தால் மற்றொன்று அத்துகளை ஏற்றுக்கொள்கிறது என்றும் மார்செயில் நகரத்து விஞ்ஞானிகள் எலிகளில் ஆராய்ந்து 2018 இலேயே வெளியிட்டனர். பெரியம்மா யாத்திரை செய்த அதே ஆண்டு அது.

நவம்பர் 2 ஆந் தேதி மரித்தோர் திருநாள். குத்திப் பதின்மூன்றாம் நாள். சேமக்காலைக்குச் செல்லும்போது வெயில் படாதிருக்க, பழைய பருத்திச் சட்டையொன்றின் நீண்ட கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். மெழுகு சொட்டிவிடுமென்று திரிகளை மகன் கொளுத்தினான். எல்லாரும் சற்று விலகிய பின்னர், அவர் சட்டைக் கையை மடித்து, புறங்கையைக் கல்லறையின் பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நாம் பாராததுபோல் இருந்தோம்.

ஆறு கிழமையில் தோல் முற்றாக மூடிவிட்டது. நாற்சதுரத்தின் நிறமும் மெல்ல மறைந்தது. குருசின் கீழ்க்கால் மட்டும், தோல் மடியும் இடத்தருகே சிறிது மங்கிக் கலைந்திருக்கிறது. கையிற் குத்தும் பச்சைகளுக்கு இஃது இயல்பு. கொழும்பிலே யாரிடமேனும் காட்டி அந்த இடத்தை மீண்டும் குத்துவிக்கலாமே என்று மகள் கேட்டாள். இனி ஓர் ஊசியும் வேண்டாமென்று பெரியம்மா சொல்லிவிட்டார். காலையிற் பூசைக்குப் போகுமுன் வாசனையற்ற வெயிற் களிம்பைப் புறங்கையிற் பூசிக்கொள்வதை மட்டும் அவர் விட்டதில்லை.